ஒத்தை பிளேன் கதையில் நான் சொல்லாமல் விட்டது

1

எங்கள் தீவின் விமான நிறுவனம் மூடப்பட்ட நாளை இங்கே வருடந்தோறும் அனுசரிக்கிறார்கள். கோயமுத்தூரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். நொடித்துப்போன ஒரு கம்பெனிக்கு யாராவது பூமாலை வைப்பார்களா? இங்கே வைக்கிறார்கள். பழைய விமானக் கொட்டகை இப்போது மீன் கிடங்கு. அதன் வாசலில் அன்றைய ஊழியர்கள் கூடி, ஒரு ஜெபம், ஒரு பாட்டு, பிறகு தேங்காய்ப்பால் ஊற்றிய மீன். போன வருடம் எண்ணினேன், இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். இந்த வருடம் பத்தொன்பது என்று கேள்வி. நான் போகவில்லை.

வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. என்னோடு அங்கே வேலை பார்த்த ரூத் எழுந்து நின்று கோயமுத்தூர்க்காரர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஏன் முடியாது என்பதைத்தான் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை என் தம்பி மகன் ஜெபராஜ் வீட்டில் வாங்குகிறார்கள். சிங்காநல்லூரில் எங்கள் சொந்தக்காரர்கள் அநேகமாக எல்லாருமே படிக்கிறார்கள். ஃபோனில் சொல்ல நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

2

தீவின் பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உலக வரைபடத்தில் பெயர் எழுத இடமிருக்கும், தீவு இருக்காது.

விடுதலை கிடைத்தபோது இவர்கள் முதலில் ஒரு கொடி தைத்தார்கள். அடுத்து ஒரு தேசியப் பாட்டு. மூன்றாவதாக விமானம் வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீம்பு போலத் தெரியும். அதற்கு முன்பு கொப்பரை ஏற்றவரும் கப்பல் ஒன்றுதான் இவர்களுக்கு வழி. அது எப்போது வரும் என்பது கப்பலில் இருப்பவனுக்கே தெரியாது. வெளித்தீவுகளில் பிரசவம் சிக்கலானால், தோணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால், கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். கப்பலுக்காகக் காத்திருந்து ஒருவரையாவது இழக்காத குடும்பம் இங்கே இல்லை. அதனால்தான் ரோடு போடுவதற்கும் முன்னால் விமானம் வாங்கினார்கள்.

மொத்தம் மூன்று. ஒன்று குத்தகைக்கு எடுத்த ஜெட். மற்ற இரண்டும் தீவுகளுக்கு இடையே பறக்கும் சின்ன விமானங்கள். மூன்றின் வாலிலும் நீண்ட சிறகுள்ள கடற்பறவை வரைந்திருந்தது. அந்தப் பறவையைத் தபால்தலையில் போட்டார்கள். பள்ளிச் சட்டைப் பையில் தைத்தார்கள். ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் புறப்பாட்டுப் பலகையில் தங்கள் நாட்டின் பெயர் வந்ததைப் பார்த்து எங்கள் அமைச்சர் ஒருவர் அழுதார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். யாரும் போகத் தேவையில்லாத நகரங்களுக்கெல்லாம் வழித்தடம் திறந்தார்கள். ஜெட் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு பறந்தது. குத்தகைக்காரன் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டான். சின்ன விமானங்களில் ஒன்றைக் கடல் உப்பு தின்றுவிட்டது. மிஞ்சிய ஒற்றை விமானம் எஞ்சின் வேலைக்காக வெளிநாடு போனது. பாக்கிக்காக அங்கேயே நிறுத்தப்பட்டது. திரும்பி வரவில்லை. இப்போது பெரிய நாடு ஒன்றின் விமானம் வாரம் இரண்டு முறை வருகிறது. நேரத்துக்கு வருகிறது. அதன் வாலை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

என் வேலை எடைக் கணக்கு. கோயமுத்தூரில் பஞ்சாலையில் பஞ்சுப் பொதி எடை போட்டுக்கொண்டிருந்தவன், செய்தித்தாள் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு இங்கே வந்து ஆட்களை எடை போட்டேன். சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பயணி, பெட்டி, கைப்பை, மடியில் வைத்திருக்கும் குழந்தை, எல்லாம் கொப்பரை நிறுக்கிற எடைமேடையில் ஏறி இறங்க வேண்டும். பிரதமரும் ஏறினார், பிஷப்பும் ஏறினார். எடையை உரக்கச் சொல்லுவோம், எதிரில் இருக்கும் ரூத் எழுதிக்கொள்வாள். இந்த மக்கள் பெருத்த உடம்புக்காரர்கள். ஆனால் எண்ணைக் கேட்டு யாரும் வெட்கப்பட்டதும் இல்லை, யாரும் சிரித்ததும் இல்லை. அதைச் சிரிப்பாக மாற்றியது நான்தான்.

3

என் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்குத் தேங்காய் உரித்தவர். தோப்புக்காரர் வீட்டு வாசலில் எங்கள் சனங்கள் பேசினால் உள்ளே இருப்பவர்கள் எங்கள் பேச்சை அப்படியே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பிடிக்காமல்தான் படித்தேன். வெளியேறினேன்.

முதல் விடுப்பில் ஊருக்குப் போனபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வேலையெல்லாம் எப்படி என்று கேட்டார்கள். எடைமேடையைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்கள். பிஷப் ஏறியதைச் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஒரு கூடமே சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த விடுப்பில் அவர்களே கேட்டார்கள். நாளாக நாளாக அது "ஒத்தை பிளேன் கதை" என்று பெயரெடுத்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ், எதற்குப் போனாலும் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கதை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையைத் தராசில் ஏற்றுவது போல ஆளை ஏற்றி நிற்கவைப்போம் என்று ஆரம்பிப்பேன். கடைசியில் பன்றி வரும்.

பன்றிக் கதை இதுதான். ஒரு நாள் வெளித்தீவுக்குப் போகும் விமானத்துக்கு இரண்டு ஆண்கள் ஒரு பெரிய பன்றியைக் கூண்டோடு கொண்டுவந்தார்கள். அதற்கு முழு டிக்கெட் எடுத்திருந்தார்கள். பன்றியை எடை போட்டேன். தொண்ணூற்றாறு கிலோ. மொத்த எடை கூடிவிட்டது. யாராவது ஒருவர் இறங்கியாக வேண்டும். எங்கள் கவுண்டரில் இருந்த குண்டுப் பெண்மணி அதே விமானத்தில் போக ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கி வந்து தராசில் நின்றாள். தொண்ணூற்றெட்டு. சரியாகப் போயிற்று. "பன்னி மேல போச்சு, பொம்பள கீழ நின்னா!" இந்த வரியை இரண்டு கையையும் விரித்துச் சொல்லி முடிப்பேன். வீடு அதிரும்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தப் பெண்மணிதான் ரூத்.

என் மகள் ஸ்டெல்லா தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறாள். சின்ன வயதில் ஊருக்குக் கூட்டிப்போனால், நான் இந்தக் கதையைத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவாள். தமிழ் புரியவில்லை, நம் சனங்களோடு ஒட்டவில்லை, கைவிட்டுப் போகிறாள் என்று நானும் என் மனைவியும் கவலைப்பட்டிருக்கிறோம். அதற்காக ஒரு விடுப்பு முழுவதும் அவளுக்கு டியூஷன் வைத்தேன்.

4

ரூத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இங்கே அதற்கு வைத்தியம் இல்லை. கோயமுத்தூரில் செய்துகொள்ளலாம், என் தம்பி மகன் வீடு இருக்கிறது, கூட நானும் வருகிறேன் என்று சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள், செய்ய வேண்டியதுதானே. அவளுக்கும் என்னிடம் ஒரு காரியம் இருந்தது. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு விமான நிறுவனத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசைப்படுகிறார்கள். ரூத்தான் அந்தக் குழுவுக்குத் தலைவி. நான் எழுத வேண்டும் என்றாள். எண்கள் எல்லாம் உன் தலையில்தானே இருக்கின்றன என்றாள்.

மருத்துவ விசாவுக்கு நான் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். அதை விடுங்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளைப் பதியும் மேசையில் ஒரு பையன். கம்ப்யூட்டரில் எங்கள் நாட்டின் பெயரைத் தேடினான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. "பக்கத்து நாடு எதாச்சும் போட்டுக்கலாங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க," என்றான். ரூத்திடம் சொன்னேன். விமானம் ஓடின காலத்தில் எல்லாப் பட்டியலிலும் இருந்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையசைத்தாள். நோயாளிகளுக்கு மணிக்கட்டில் மாட்டும் அடையாள வளையத்தில் வேறொரு நாட்டின் பெயர் அச்சாகி வந்தது. கையில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்தது எடை. ஆஸ்பத்திரித் தராசில் ரூத்தை ஏற்றினார்கள். நூற்றுப் பதினொன்று. நர்ஸ் எண்ணைப் படித்தாள். ஜெபராஜ் என் தோளைத் தட்டி, "ஏனுங்க பெரியப்பா, மஞ்ச மூட்டை ஏத்தியாச்சுங்க," என்றான்.

ஜெபராஜ் கெட்டவன் இல்லை. கணபதியில் பம்பு உதிரி செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். ரூத்துக்காகத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவன். அந்த வரியை அவன் என் மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

நர்ஸ் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். எதற்குச் சிரிப்பு என்று ரூத் ஜெபராஜின் மகள் ஷைனியிடம் கேட்டாள். ஷைனி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், நல்ல ஆங்கிலம். தாத்தா சொல்லும் பிரபலமான கதை என்று, வஞ்சகமில்லாமல், முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். கையை விரிப்பதைக்கூட விடவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த உணவு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரூத் பெரிதாகச் சிரித்தாள். அது நல்ல பன்றி என்றாள். ஷைனிக்கு ஒன்றும் புரியவில்லை.

மாலையில் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது என்னிடம் சொன்னாள்: "நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. என் அம்மாவை மட்டும் விட்டுவிட்டாய்."

அன்று வெளித்தீவில் ரூத்தின் அம்மா செத்துப்போயிருந்தாள். பன்றியோடு வந்தவர்கள் ரூத்தின் அண்ணன்மார். இங்கே பன்றி அறுத்து ஊருக்குப் படைக்காமல் அடக்கம் செய்தால், செத்தவர் யாருக்கும் வேண்டாதவர் என்று ஆகிவிடும். குழி வெட்ட வேண்டியவர்கள் மகன்கள். விமானத்தில் இருந்த மற்றவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி, மூன்று பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்கள். எவ்வளவு கூடுகிறது என்று ரூத் என்னைக் கேட்டாள். எண்பத்தொன்பது என்றேன். இறங்கி வந்தாள். தானே தராசில் ஏறி நின்றாள். எண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த பூவளையத்தை விமானக் கதவு வழியாக அண்ணனிடம் நீட்டினாள். அடுத்த விமானம் அடுத்த வாரம்தான். இந்த வெயிலில் உடலை வைத்திருக்க மாட்டார்கள்.

இது எனக்கு அன்றே தெரியும். சாவைச் சேர்த்தால் சிரிப்பு வராது, அவ்வளவுதான்.

மன்னித்துக்கொள் என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. புத்தகம் எழுதுவதற்கு முன்னால் உன் சனங்களிடம் ஒருமுறை முழுசாகச் சொல், நானும் உட்கார்ந்து கேட்கிறேன் என்றாள். மொழி புரியாதே என்றேன். உன் முகத்தைப் பார்த்தால் போதும் என்றாள்.

அன்றைக்கு ஸ்டெல்லாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தெளிவான தமிழில், "அது ரூத் ஆன்ட்டின்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. அதான் எந்திரிச்சுப் போவேன்," என்றாள்.

5

அறுவை நல்லபடியாக முடிந்தது. ரூத் வாக்கர் பிடித்து நடந்தாள். ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெபராஜ் வீட்டில் விருந்து. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ரூத்தின் கையைப் பிடித்து, சாப்பிட்டீங்களாங்க, வலி இருக்குதுங்களா என்று மாறி மாறி விசாரித்தார்கள். "ரூத்தம்மாவுக்கு இன்னும் ரெண்டு பீஸ் போடு அம்மணி" என்று இலை நிறைந்தது. அவளும் மறுக்கவில்லை.

ஷைனி ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் மீட்டிங் என்று மாடியில் லேப்டாப்போடு இருந்தாள். அவள் இறங்கி வந்து ரூத்துக்கு மொழிபெயர்க்கட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கை கழுவியதும் ஜெபராஜே நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டான். "பெரியப்பா, ஒத்தை பிளேன் கதைய ஒருக்கா சொல்லுங்க. இந்தத் தடவை அந்த ஊரு ஆளே இருக்காங்க," என்றான்.

சுவரோரம் சோபாவில் ரூத் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை, காதில் செம்பருத்தி. அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். சர்ச்சில் அப்படித்தான் உட்காருவாள்.

இன்றைக்கு வேறு மாதிரி சொல்லப்போகிறேன் என்று ஆரம்பித்தேன். கொப்பரைக் கப்பலைச் சொன்னேன். கப்பல் வராமல் செத்தவர்களைச் சொன்னேன். எதற்காக விமானம் வாங்கினார்கள் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். யாரோ ஃபேனைக் கூட்டி வைத்தார்கள். என் மைத்துனர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார். எனக்கு வியர்த்தது. கூட்டம் கையை விட்டுப் போவதை நான் அறிவேன். அதை இழுத்துப் பிடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆனாலும் நேராகவே போனேன். ஒரு நாள் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு பன்றியோடு வந்தார்கள் என்றேன்.

பன்றி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் சிரித்தார்கள். இன்னும் கதையே வரவில்லை. வழக்கத்தில் வந்த சிரிப்பு. இருங்க, இருங்க, அந்தப் பன்றி எதற்கென்று கேளுங்க என்றேன். அதற்கும் சிரித்தார்கள், நான் இழுத்துச் சொல்கிறேன் என்று நினைத்து. ஜெபராஜ் எழுந்து நின்று இரண்டு கையையும் என்னைப் போலவே விரித்தான்.

"பன்னி மேல போச்சு, பொம்பள கீழ நின்னா!"

கூடம் அதிர்ந்தது. அவன் விரித்த விதம் அப்படியே நான். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பிறகு பாயசம் வந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அம்மாவைச் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. இடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் நீர்.

6

பீளமேடு விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது ரூத் கேட்டாள், அம்மாவைச் சொன்னாயா என்று.

ஜெபராஜ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் தீவு மொழி அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ அழுததைப் பார்த்தேன் என்றாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அடக்கம் முடிந்து மறுநாள் ஊரார் செத்தவர் வீட்டில் கூடி, அவரைப் பற்றி வேடிக்கையாகப் பேசிச் சிரிப்பார்கள். அழுவது வீட்டாரின் வேலை, சிரிப்பது ஊராரின் வேலை. சிரிக்க ஆள் வராத சாவுதான் இங்கே அநாதைச் சாவு. சிரித்தவர்களுக்கு வீட்டார் ஆளுக்கு ஒரு பாய் கொடுத்தனுப்புவார்கள்.

"என் அம்மாவுக்கு ஊர் சிரித்ததை நான் கேட்டதில்லை," என்றாள் ரூத். "நான் ஏர்போர்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். உன் வீட்டில்தான் கேட்டேன். எவ்வளவு நல்ல சனங்கள், முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக அப்படிச் சிரித்தார்கள்."

நான் வெளியே பார்த்தேன். அவிநாசி ரோடு மேம்பாலத்தின் தூண்களை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை தவறித் தவறிப் போயிற்று.

7

இப்போது ரூத் தினமும் காலையில் என் வீட்டைத் தாண்டிக் கடற்கரைவரை நடக்கிறாள். புதுக் கால்கள். கையை உயர்த்திக் காட்டுகிறாள். நானும் காட்டுகிறேன். புத்தகம் எப்போது என்று கேட்கிறாள். ஒரு பக்கமும் எழுதவில்லை. ஷைனியோடு அவள் வாட்ஸ்அப்பில் பேசுவது வழக்கம். எந்த நாள் ரூத் என்ன கேட்பாளோ, ஷைனி என்ன சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு காலையும் ரூத்தின் முகத்தை உற்றுப் பார்க்கிறேன்.

அவளால் இனித் தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் மகள்களைத் தரையில் உட்காரவைத்துத் தாழை ஓலையில் பாய் பின்ன வைக்கிறாள். ஓரம் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி பின்னச் சொல்கிறாள். முடிந்த பாய்களைப் போன வாரம் பார்சலில் போட்டுவிட்டாள். உள்ளே ஒரு கடிதமும் இல்லை. எதற்கென்று அவர்களுக்குத் தெரியுமே என்றாள்.

ஜெபராஜ், அந்தப் பாய்கள் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். எதற்கென்று இப்போது தெரிந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிடாதே, அவள் தாங்க மாட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான். இன்னும் சொல்லவில்லை.

மொத்தம் பதின்மூன்று பாய்கள். அன்றைக்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அவள் கேட்டபோது, எண்ணிச் சொன்னது நான்தான். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.